‘பரவாயில்லை’ என்னும் விடைக்கு எத்தனை மதிப்பெண்?

மேலாண்மை ஆய்வாளர்கள் எண்களை எளிதில் நம்புகின்றனர். மனிதர்களின் சொற்களைக் கண்டு தயங்குகின்றனர். இத்தயக்கத்தின் காரணம் என்ன? அதனால் வங்கி வாடிக்கையாளருக்கு நேரும் இழப்பு என்ன?

வங்கிக் கிளையிலோ, மருத்துவமனையிலோ, பேரங்காடியிலோ அந்தத் தாளை நம்மில் பலர் ஒரு முறையேனும் நிரப்பியிருப்போம். இருபது முப்பது கூற்றுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் உடன்படவில்லை’ என்பது வரை ஐந்து கட்டங்கள் இருக்கும். பொருத்தமான கட்டத்தில் ஒரு குறியிட்டால் போதும். தாளை நீட்டுபவர் பெரும்பாலும் மேலாண்மை பயிலும் மாணவராகவோ, முனைவர் பட்ட ஆய்வாளராகவோ இருப்பார்.

திருப்பதி திருத்தலம் மட்டுமன்று, கல்வி நகரமும் ஆகும். திருவேங்கடவன் பெயரால் 1954இல் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகமும், 1983இல் மகளிர்க்கென நிறுவப்பெற்ற ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் அங்கு உள்ளன. சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இவற்றோடு தனியார் கல்லூரிகளும் பல உண்டு. எனவே இவ்வட்டாரத்து வங்கிக் கிளைகளுக்கு ஆய்வு மாணவர்கள் வருவது வழக்கமான நிகழ்ச்சி. வருவோரில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஐந்து கட்டங்கள் கொண்ட கேள்வித்தாள்தான். ஒரு குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று வாடிக்கையாளர் எதிரே அமரும் ஆய்வாளரைக் காண்பது அரிது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. “வங்கிச் சேவை எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், தமிழ் பேசும் வாடிக்கையாளர் “பரவாயில்லை” என்பார், தெலுங்கு பேசுபவர் “பர்வாலேது” என்பார். இரு மொழிகளும் கலந்து புழங்கும் சித்தூரில் இவ்விரு சொற்களையும் நாள்தோறும் கேட்கலாம். அதன் பொருள் சொல்பவரைப் பொறுத்தது. ‘நன்றாகவே இருக்கிறது’ என்பதும் அதுவே. ‘குறை உண்டு, ஆனால் பொறுத்துக்கொள்கிறேன்’ என்பதும் அதுவே. ‘சொல்லி என்ன ஆகப்போகிறது’ என்னும் சலிப்பும் அதுவே. இச்சொல்லை எந்தக் கட்டத்தில் அடைப்பது? மூன்றிலா, நான்கிலா? கட்டத்தில் குறியிட்டவுடன் அது ஓர் எண்ணாகிவிடுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த முகக்குறிப்பும் பெருமூச்சும் கணக்கில் வருவதில்லை.

இரண்டு வழிகள்

ஆய்வுலகில் இரு பெரும் வழிகள் உள்ளன. எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை விழுக்காடு என்று அளந்து பார்ப்பது அளவுசார் ஆய்வு. ஏன், எப்படி, எந்தச் சூழலில் என்று கேட்டும் உடனிருந்து கண்டும் அறிவது பண்புசார் ஆய்வு. நேர்காணல், குழு உரையாடல், கள நோக்கு, ஒரு நிறுவனத்தையோ குடும்பத்தையோ ஆழமாக ஆராயும் தனியாய்வு ஆகியவை இரண்டாம் வகையின் கருவிகள்.

வங்கியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு சேமிப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வாடிக்கையாளர் எவ்விதப் பரிவர்த்தனையும் செய்யாவிடில், அது ரிசர்வ் வங்கியின் விதிப்படி செயல்படாக் கணக்கு ஆகிறது. ஒரு கிளையில் இத்தகைய கணக்குகள் எத்தனை என்பதைக் கணினி நொடியில் சொல்லிவிடும். ஏன் செயல்படவில்லை என்பதை அதனால் சொல்ல இயலாது. ஒருவர் கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்திருக்கலாம். ஒருவர் கைப்பேசி எண்ணை மாற்றியபின் வங்கியின் செய்தி எதுவும் கிடைக்காமல் விட்டிருக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாமையால் முகப்பில் நிற்கக் கூச்சப்பட்டு ஒரு மூதாட்டி வராமல் இருந்திருக்கலாம். மூவரும் பட்டியலில் மூன்று வரிகளே. ஆனால் மூவருக்கும் வேண்டிய தீர்வு வெவ்வேறு. அத்தீர்வைக் கண்டறிய அவர்களிடம் பேசியாக வேண்டும்.

நம் மண்ணில் இருந்த மரபு

மக்களிடம் சென்று கேட்டறியும் ஆய்வு நமக்குப் புதியதன்று. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பி, ஊரின் நிலம், கடன், கூலி, தொழில், வழக்கம் ஆகியவற்றை எழுதிவரச் செய்தார். அவருடைய தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் 1918இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று தூசி. அது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, அம்மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்தான்.

ஸ்லேட்டரின் மாணவர்களிடமும் ஒரு கேள்வித்தாள் இருந்தது. ஆனால் விடையை அடைக்கக் கட்டங்கள் இல்லை. கணக்கும் விவரிப்பும் ஒன்றாகவே எழுதப்பட்டன. அதனால்தான் பிற்கால ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒப்பிட முடிந்தது.

1973–74இல் அதே வட ஆர்க்காட்டில், பசுமைப் புரட்சியின் விளைவுகளைக் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அக்குழுவில் பணியாற்றிய ராபர்ட் சேம்பர்ஸ், 1983இல் எழுதிய நூலில், நீண்ட கேள்வித்தாள்களுக்கு ஆய்வாளர்கள் அடிமைப்பட்டுக் கிடப்பதைக் கடுமையாகச் சாடினார். ஊர்மக்களே தரையில் கோலப்பொடியாலும் விதைகளாலும் தம் ஊரின் வரைபடத்தை வரைந்து விளக்கும் பங்கேற்பு முறை பின்னர் இந்தியாவில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மேலாண்மைத் துறையின் அடிப்படைப் பாடங்கள் சிலவும் இவ்வழியில் பிறந்தவையே. சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நேர்காணப்பட்டனர். முதலில் முன்கூட்டியே வகுத்த கேள்விகளைக் கேட்டனர். தொழிலாளர்களோ கேட்டதை விட்டுவிட்டுத் தம் மனத்தில் இருந்ததையே பேசினர். ஆய்வாளர்கள் கேள்விகளை ஒதுக்கிவைத்துக் கேட்கத் தொடங்கியபின், அரை மணி நேர உரையாடல் ஒன்றரை மணி நேரமாக நீண்டது. பணியிடத்தில் மனித உறவுகளுக்கு உள்ள இடத்தை மேலாண்மைத் துறை உணரத் தொடங்கியது இவ்வாறுதான்.

ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்தே தலைமை அலுவலர்களை ஆளுக்கு ஒரு வாரம் உடனிருந்து கவனித்தார். 1973இல் அவர் வெளியிட்ட நூல், மேலாளர் அமைதியாக அமர்ந்து திட்டமிடுபவர் என்னும் பாடப்புத்தகச் சித்திரத்தைக் கலைத்தது. அவர்கள் செய்த பணிகளில் பாதி, ஒன்பது நிமிடங்களுக்கும் குறைவாகவே நீடித்திருந்தன. வங்கிக் கிளை மேலாளர் எவரைக் கேட்டாலும் இதனை உடனே ஒப்புக்கொள்வார்.

எண் மேலோங்கிய கதை

அப்படியாயின் எண்ணுக்கு முதலிடம் வந்தது எப்படி? ஐந்து கட்ட அளவுகோலை அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்தார். மேலாண்மைக் கல்வி போதிய அறிவியல் தரத்துடன் இல்லை என்று ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் சார்பில் 1959இல் வந்த இரு அறிக்கைகள் குறைகூறின. அதன்பின் அமெரிக்க வணிகப் பள்ளிகள் புள்ளியியலையும் கணித முறைகளையும் பெரிதும் தழுவின. 1968இல் எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் புள்ளியியல் மென்பொருள் உருவாயிற்று. ஒரு காலத்தில் வாரக்கணக்கில் போட்ட கணக்கு, இப்போது பொத்தானை அழுத்தினால் அட்டவணையாக வந்து விழுகிறது.

இந்தியாவில் 1961இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கின. ஹார்வர்டின் துணையோடு வளர்ந்த அகமதாபாத் கழகம், நிறுவனங்களின் உண்மை நிகழ்வுகளை வைத்துக் கற்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆகவே நம் மேலாண்மை வகுப்பறையில் கதைக்கு எப்போதும் மதிப்பு இருந்தது. ஆய்வேட்டுக்குள் நுழையும்போதுதான் கதை வாயிலில் நிறுத்தப்படுகிறது. பாடம் நடத்தும்போது ஒரே ஒரு நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு இரண்டு மணி நேரம் விவாதிக்கும் பேராசிரியரே, ஆய்வு மாணவரிடம் “மாதிரியின் எண்ணிக்கை எத்தனை?” என்று முதலில் கேட்கிறார்.

ஆய்வாளர்களின் தயக்கங்கள்

ஆய்வு மாணவர்களோடு பேசும்போது நான்கு தயக்கங்கள் திரும்பத் திரும்ப வெளிப்படுகின்றன. இவற்றுள் எதையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

முதலாவது, “பதினைந்து பேரிடம் பேசிவிட்டு மாவட்டம் முழுமைக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?” என்பது. கேள்வி நியாயமானதே. பண்புசார் ஆய்வு அவ்வாறு சொல்லவும் கூடாது. எத்தனை பேர் என்பதற்கு அது விடையன்று. ஒரு செயல் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கே அது விடை. பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967இல் வெளியிட்ட நூலில், புதிய நேர்காணல்களால் புதிய கருத்து எதுவும் கிடைக்காத நிலை வரும்வரை ஆய்வைத் தொடர வேண்டும் என்றனர். அங்கே எண்ணிக்கையை முடிவு செய்வது முன்கூட்டிய சூத்திரமன்று. கிடைக்கும் செய்தியின் நிறைவே.

இரண்டாவது, “ஆய்வாளரின் சொந்தக் கருத்து கலந்துவிடாதா?” என்பது. கலக்கும் வாய்ப்பு உண்டு. எவ்விரு கட்டங்களுக்கு இடையே கோடு போடுவது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதிலும் ஆய்வாளரின் கருத்து கலந்தே உள்ளது. அங்கே அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இக்குறையைக் களைய இவான்னா லிங்கனும் எகான் கூபாவும் 1985இல் சில நெறிகளைத் தொகுத்தனர். எழுதியதைச் சொன்னவரிடமே காட்டிச் சரிபார்ப்பது ஒன்று. ஒரு செய்தியைப் பல மூலங்களால் உறுதி செய்வது மற்றொன்று. மூன்றாவது நெறி வணிகவியல் படித்தவர்களுக்கு நன்கு பழக்கமானது. கணக்குத் தணிக்கையாளர் ரசீதிலிருந்து பேரேடு வரை பின்தொடர்வதுபோல, நேர்காணல் குறிப்பிலிருந்து முடிவு வரை வேறொருவர் பின்தொடர்ந்து பார்க்கும்படி ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பதே அது. தணிக்கை என்னும் கருத்தையே அவர்கள் நம் துறையிலிருந்து பெற்றனர். வவுச்சர் இல்லாத பதிவை நாம் ஏற்பதில்லை. குறிப்பேடு இல்லாத முடிவை நல்ல பண்புசார் ஆய்வும் ஏற்பதில்லை.

மூன்றாவது, காலம். முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் குறைந்தது மூன்று ஆண்டும், பொதுவாக ஆறு ஆண்டுக்கு மிகாமலும் காலம் வகுத்துள்ளன. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்பவருக்கு ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்குவதே பல மணி நேர வேலை. பேச்சு தெலுங்கிலோ தமிழிலோ இருக்கும். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பில் பொருள் சிதறாமல் காப்பது தனிப் பணி. கேள்வித்தாளோ இரண்டு வாரங்களில் நிரம்பிவிடும்.

நான்காவது, அச்சம். நெறியாளர் பழகிய முறை வேறு; தேர்வாளர் யாராக இருப்பார் என்பது தெரியாது. வாய்மொழித் தேர்வில் “அட்டவணை எங்கே?” என்ற கேள்வி எழுந்தால் என்ன செய்வது என்னும் கவலை மாணவரைப் பழகிய பாதையிலேயே நிறுத்துகிறது. பண்புசார் ஆய்வில் நம்பிக்கை உடையவர்கூட அதைத் தம் ஆய்வேட்டில் கையாளத் துணிவதில்லை. மேலாண்மைக் கல்வியில் பண்புசார் முறைகள் பின்தங்கியிருப்பதற்கு வெறுப்பைவிட இந்த அச்சமும் பயிற்சிக் குறைவுமே பெரிய காரணங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது மாறத்தக்க நிலை. ஆய்வு முறை வகுப்பில் கேள்வித்தாள் அமைக்கக் கற்பிக்கும் அதே அக்கறையோடு, நேர்காணல் நடத்தவும், குறிப்பெடுக்கவும், குறிப்புகளை வகைப்படுத்தவும் கற்பித்தால் பாதித் தயக்கம் நீங்கும்.

மறுபுறமும் ஒரு பிழை நிகழ்வதுண்டு. புள்ளியியலுக்குப் பயந்து பண்புசார் ஆய்வுக்கு ஓடிவருவோர் சிலர் உள்ளனர். நான்கு பேரிடம் பேசி, தமக்குப் பிடித்த வரிகளை மட்டும் எடுத்து வைத்தால் அது ஆய்வாகாது. எண்ணிக்கையைவிட இதில் உழைப்பு அதிகம் என்பதை அறிந்தவரே இதைத் தொட வேண்டும்.

வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் என்ன?

ஆந்திர மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒரு கள ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று சேமிப்புப் பணம் திரட்டும் பெண்மணி ஒருவரைப் பற்றி ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு எழுதியுள்ளார். வாடிக்கையாளர் நாளொன்றுக்கு 5 ரூபாய் வீதம் 220 தவணைகள் செலுத்தினால் 1,100 ரூபாய் சேரும். முடிவில் அவருக்குத் திரும்பக் கிடைப்பது 1,000 ரூபாய். மீதி 100 ரூபாய் திரட்டுபவரின் கூலி.

இதை வங்கிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 220 நாளில் சராசரி இருப்பு ஏறக்குறைய 550 ரூபாய். அதன்மேல் 100 ரூபாய் செலவு என்றால், ஆண்டுக்குச் சுமார் 30 விழுக்காடு. வட்டி பெறுவதற்கு மாறாக, சேமிப்பவரே வட்டி கொடுக்கிறார்! எண்ணை மட்டும் பார்ப்பவர், “இவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை” என்று முடிவு கட்டுவார். அவர்களிடம் அமர்ந்து கேட்டபோதுதான் உண்மை புலப்பட்டது. வீட்டில் வைத்த பணம் நிற்பதில்லை. குழந்தைகளின் பள்ளிச் செலவுக்குக் குறித்த நேரத்தில் மொத்தத் தொகை வேண்டும். நாள்தோறும் வாயிலுக்கு வந்து நினைவூட்டி வாங்கிச் செல்ல ஒருவர் தேவை. அந்த 100 ரூபாய், பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் அவர்கள் மனமறிந்து கொடுத்த விலை.

இவ்வழியை ரதர்ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் மேலும் விரித்தனர். வங்காளதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களை ஓராண்டுக் காலம் ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு ஒரு முறை சந்தித்து, வரவு செலவு அனைத்தையும் நாட்குறிப்பாகத் தொகுத்தனர். 2009இல் அது நூலாயிற்று. ஏழைகளிடம் நிதி நிர்வாகம் இல்லை என்ற எண்ணத்தை அது மாற்றியது. எந்தக் குடும்பமும் நான்கு வகைக்குக் குறைவான சேமிப்பு, கடன் வழிகளைக் கையாளவில்லை. கைமாற்று, சீட்டு, அடகு, அண்டை வீட்டில் கொடுத்து வைத்த பணம் என்று அவர்கள் இடைவிடாது பணத்தை மேலாண்மை செய்துகொண்டிருந்தனர். இந்த ஆய்வு எண்ணையும் விடவில்லை, சொல்லையும் விடவில்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கும் உண்டு. அதன் பின்னால் ஒரு காரணமும் உண்டு.

உண்மையில் வங்கியாளர் இரு வழிகளையும் நெடுங்காலமாகவே கையாண்டு வருகிறார். கடன் விண்ணப்பம் வந்தால் இருப்புநிலைக் குறிப்பைப் பார்க்கிறோம், விகிதங்களைக் கணக்கிடுகிறோம். அத்தோடு நின்றுவிடுவதில்லை. கடைக்கோ தோட்டத்துக்கோ நேரில் செல்கிறோம். சரக்கு எப்படி அடுக்கப்பட்டுள்ளது, பணியாளர் முதலாளியிடம் எப்படிப் பேசுகிறார், பக்கத்துக் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனிக்கிறோம். நல்ல கடன் முடிவு இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறக்கிறது.

கேட்கக் காத்திருக்கும் களங்கள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இத்தகைய ஆய்வுக்கு உரிய களங்கள் ஏராளம். சித்தூரின் தோத்தாபுரி மாம்பழம் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. விளைச்சல் எத்தனை டன், விலை எவ்வளவு என்பதற்குப் புள்ளிவிவரம் உண்டு. விலை சரிந்த ஆண்டில் ஒரு விவசாயி மரத்தை வெட்டுகிறார். பக்கத்துத் தோட்டக்காரர் வைத்திருக்கிறார். இந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன? ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி ஓவியர் தம் துணிக்கு விலையை எவ்வாறு நிர்ணயிக்கிறார்? நகரி, புத்தூர் விசைத்தறிக் கூடங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குத் தொழில் கைமாறும்போது கடனும் உறவும் எவ்வாறு கைமாறுகின்றன? இவற்றை ஐந்து கட்டங்களில் அடைக்க இயலாது.

ஒரு நிறுவனத்தை ஆழ்ந்து ஆராய்ந்தால் உலகமே கற்கும் பாடம் பிறக்கும் என்பதற்கு நம் மதுரையே சான்று. அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி, ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993இல் ஒரு தனியாய்வு எழுதினார். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு இலவசமாகவும் சிகிச்சை தரும் அந்த நடைமுறை, பல நாட்டு மேலாண்மை வகுப்பறைகளில் பாடமாயிற்று. மாதிரியின் எண்ணிக்கை அங்கே ஒன்றே ஒன்று! அரவிந்த் மருத்துவமனை இன்று திருப்பதியிலும் இயங்குகிறது. திருப்பதி ஆய்வு மாணவருக்கு அந்தக் களம் பேருந்து தூரத்தில் இருக்கிறது.

வாடிக்கையாளர் செய்யத்தக்கவை

ஆய்வாளர் ஒருவர் உங்களை அணுகினால், சில செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். அவர் எந்தக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டு, அடையாள அட்டையைப் பாருங்கள். ஆய்வின் நோக்கம் என்ன, உங்கள் பெயர் மறைக்கப்படுமா என்று கேட்பது உங்கள் உரிமை. விருப்பமில்லாத கேள்விக்கு விடையளிக்க மறுக்கலாம். இடையிலேயே விலகவும் செய்யலாம். கணக்கு எண், அட்டை எண், கடவுச்சொல், ஓ.டி.பி. ஆகியவை எந்த உண்மையான ஆய்வுக்கும் தேவைப்படுவதில்லை. அவற்றைக் கேட்பவர் ஆய்வாளர் அல்லர். அந்நிலையில் பேச்சை நிறுத்திவிட்டுக் கிளைக்குத் தெரிவியுங்கள்.

ஐயம் தீர்ந்தபின், நேரம் ஒதுக்கி மனம் திறந்து பேசுங்கள். முகத்துக்கு நேரே கேட்பவரின் மனம் நோகக்கூடாது என்று நல்லதையே சொல்வது நம் பண்பு. ஆய்வுக்கு அந்தத் தாட்சண்யம் உதவாது. ‘பரவாயில்லை’ என்று சொல்லத் தோன்றினால், அதனுடன் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: “பரவாயில்லை; ஆனால் ஓய்வூதிய நாளில் உட்கார இடமில்லை” என்றோ, “பரவாயில்லை; ஆனால் படிவம் எனக்குத் தெரிந்த மொழியில் இல்லை” என்றோ. கட்டத்தில் இட்ட குறியால் வங்கிக்குத் தெரியாத ஒன்றை அந்த ஒரு வாக்கியம் தெரிவித்துவிடும்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை கிளைக்கு வரும்போது கேள்வித்தாளோடு ஒரு குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். நூறு பேரிடம் தாளை நிரப்புங்கள். அவர்களுள் பத்துப் பேரிடம் அமர்ந்து, அந்தக் கட்டத்தில் ஏன் குறியிட்டார்கள் என்று கேளுங்கள். உங்கள் அட்டவணைக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கும்.